பரண்மேல் ஒரு ஜாய்ஸ்டிக், லேபில் ஒரு 8085

பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995 நவம்பரில். அரியலூர் 2001-இல் அதிலிருந்து பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. இந்தக் கூட்டல் கழித்தல் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இவ்வட்டாரத்து வீடுகளுக்குள் டிவி கேம் நுழைந்தது. ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினால் மரியோ ஓடுவான், கான்ட்ரா சுடும். அடாப்டர் எரிந்ததாலோ, பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததாலோ, பெட்டி ஒருநாள் பரணுக்குப் போனது. பெட்டி பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம். அதன் ஜாய்ஸ்டிக் மட்டும், கறுப்பு வயர் சுற்றியபடி, பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது.

இதே இரண்டு மாவட்டங்களில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் நிறைய. அவற்றின் மின்னணுத் துறை ஆய்வகங்களில் இன்னொரு பழம்பொருள் உண்டு. அதுதான் 8085 நுண்செயலியின் டிரெய்னர் கிட். சென்னையின் விஐ மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த அந்தப் பெட்டிகளில், 4100 என்ற முகவரியில் தொடங்கி பதினறும எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி, இரண்டு எண்களைக் கூட்டி விடை பார்த்துப் படித்தவர்கள் இன்று ஐம்பது வயதை நெருங்குகிறார்கள். பாடத்திட்டம் 8051, ஏஆர்எம் என்று நகர்ந்துவிட்டது. பல கல்லூரிகளில் 8085 கிட் அலமாரிக்குள் தூங்குகிறது.

இந்த இரண்டையும் இணைக்கலாம். அடாப்டர் பலகை எதுவும் வேண்டாம், யூஎஸ்பி வேண்டாம், வேறொரு நுண்செயலி இடையில் உட்கார வேண்டாம். சமிக்ஞைக்கு மூன்று வயர், மின்சாரத்துக்கு இரண்டு வயர் போதும். இவ்வளவு எளிதாக இவை ஒன்றோடொன்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 8085-ஐ இன்டெல் வெளியிட்டது 1976-இல். நம் டிவி கேமுக்கு மூலமான நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் வந்தது 1983-இல். இரண்டுமே 5 வோல்ட்டில் ஓடும் தலைமுறை. மைக்ரோ நொடிக் கணக்கில் வேலை செய்யும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று.

நம் ஊருக்கு வந்த டிவி கேம்களில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் நகல்கள். சமுராய் என்ற பெயரில் நிண்டெண்டோ உரிமத்தோடு ஒன்று இந்தியாவில் விற்றது. ஆனால் சிற்றூர்வரை வந்து சேர்ந்தவை மீடியா நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர் போன்றவையும், பெயரே இல்லாமல் அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாகப் பொய் சொன்ன சீனப் பெட்டிகளும்தான். உள்ளே இருந்த கணினி எந்த அளவு நகல் என்பது வேறு கதை. ஜாய்ஸ்டிக் மட்டும் அசலின் முறையை அப்படியே பின்பற்றியது. அதனால்தான் நமக்கு இன்று வேலை எளிது.

அந்த முறையைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1977-இல் வந்த அடாரி 2600-இன் ஜாய்ஸ்டிக்கில் ஐந்து சுவிட்சுகள் இருந்தன: நான்கு திசை, ஒரு சுடும் பொத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்டு. ஐந்து பொத்தானுக்கு ஆறு வயர், அவ்வளவுதான். எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்லும்படி உள்ளே எதுவும் இல்லை. ஃபேமிகாமுக்கு எட்டுப் பொத்தான்கள் தேவைப்பட்டன: நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட். அடாரி வழியில் போனால் ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு ஒன்பது வயர் வேண்டும், கணினியின் பக்கம் எட்டு உள்ளீட்டு முனைகளும் வேண்டும். இரண்டு பேர் விளையாடினால் அது இரட்டிப்பாகும். நிண்டெண்டோ ஜாய்ஸ்டிக்குக்குள்ளேயே ஒரு சில்லு வைத்து இதைத் தீர்த்தது. 4021 என்ற எட்டு பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர், அப்போதே எங்கும் மலிவாகக் கிடைத்த சரக்கு. அதை வைத்ததும் எட்டுப் பொத்தான்களின் செய்தி ஒரே வயரில் அடங்கியது.

கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். மேஸ்திரி முதல் சத்தம் கொடுத்ததும் ஒவ்வொருவரும் தன் எதிரே செங்கல் இருந்தால் எடுக்கிறார், இல்லாவிட்டால் வெறுங்கையோடு நிற்கிறார். அந்தச் சத்தம் லாட்ச். அதன் பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கையில் உள்ளதைப் பக்கத்தவரிடம் தள்ளுகிறார்கள். வரிசையின் கடைசி ஆளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், எட்டுப் பேர் நிலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்துவிடும். அந்தச் சத்தங்கள் கிளாக். கடைசிக் கை டேட்டா.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் வருவது ஏ, பிறகு பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். பொத்தானை அழுத்தினால் டேட்டா வயரில் 0, அழுத்தாவிட்டால் 1. தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். பொத்தான் கிரவுண்டோடு இணைக்கிறது, அழுத்தாதபோது ஒரு மின்தடை அந்த முனையை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கிறது என்று நினைத்தால் சரியாகிவிடும்.

அசல் ஜாய்ஸ்டிக்கில் 4021 சில்லைக் கண்ணால் பார்க்கலாம். நம் பரண் சரக்கைத் திறந்தால் சில்லு தெரியாது. பச்சைப் பலகையின் நடுவே தார் சொட்டியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். சிலிக்கான் துண்டை நேரடியாகப் பலகையில் ஒட்டி, மேலே எபாக்ஸி ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது 4021-இன் வேலையைத்தான் செய்கிறது. கூடவே டர்போ பொத்தான்களுக்கான ஓர் அலைவியும் இருக்கும். விரலை எடுக்காமலே கான்ட்ராவில் தொடர்ந்து சுடவைத்தது அதுதான்.

இப்போது கிட்டின் பக்கம் வருவோம். 8085-க்கு வெளியுலகோடு பேச 8255 என்ற சில்லு துணை. போர்ட் ஏ, போர்ட் பி, போர்ட் சி என்று மூன்று எட்டு பிட் வாசல்கள். கிட்டின் ஓரத்தில் 26 முனை ஃபிளாட் கேபிள் இணைப்பியாக இவை வெளியே வந்திருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரும் டிராஃபிக் லைட்டும் செருகுகிற அதே இடம். நமக்கு வெளியே போக இரண்டு வயர் வேண்டும், உள்ளே வர ஒன்று. போர்ட் ஏ-யின் பிட் 0-ஐ லாட்சுக்கும் பிட் 1-ஐக் கிளாக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். டேட்டாவைப் போர்ட் சி-யின் பிட் 7-இல் கொண்டுவந்து சேர்க்கலாம். ஏ, பி இரண்டும் வெளியீடு, சி-யின் மேல்பாதி உள்ளீடு, கீழ்ப்பாதி வெளியீடு. இதற்கான கட்டளைச் சொல் பதினறுமத்தில் 88. மனப்பாடம் செய்ய எளிது.

8085-க்கு எஸ்ஐடி, எஸ்ஓடி என்று சொந்தமாகவே ஓர் உள்ளீடும் ஒரு வெளியீடும் உண்டு, அதிலேயே முடிக்கக் கூடாதா என்று கூர்மையான மாணவர் கேட்பார். டேட்டாவுக்கு எஸ்ஐடி சரியாக இருக்கும். வெளியே போகத்தான் ஒரு வயர் குறைகிறது.

டேட்டாவை ஏன் பிட் 7-இல் கொண்டுவர வேண்டும்? நிரல் சுருங்குவதற்காக. போர்ட் சி-யைப் படித்ததும் அக்யுமுலேட்டரை ஒருமுறை இடப்பக்கம் சுழற்றினால் பிட் 7 நேராகக் கேரிக்குள் விழும். பி ரெஜிஸ்டரை அக்யுமுலேட்டருக்கு எடுத்து மறுபடி சுழற்றினால் அந்தக் கேரி அதன் வால் பக்கம் ஏறிக்கொள்ளும்; விடையைப் பி-யிலேயே திருப்பி வைக்கலாம். நகல் எடுக்கும் கட்டளை கேரியைத் தொடாது என்பதுதான் இங்கே சூட்சுமம். பிறகு கிளாக்கை உயர்த்தி இறக்க வேண்டும். இப்படி எட்டு முறை சுற்றி வந்தால் பி ரெஜிஸ்டரில் எட்டுப் பொத்தான்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்: முதலில் வந்த ஏ பிட் 7-இல், கடைசியில் வந்த வலம் பிட் 0-இல். எதையும் அழுத்தாவிட்டால் எஃப்எஃப். ஏ-யை மட்டும் அழுத்தினால் 7எஃப். ஸ்டார்ட்டை மட்டும் அழுத்தினால் இஎஃப். கிட்டின் சிவப்பு எழுத்துகளில் இஎஃப் என்று வரும்போது உண்டாகும் மகிழ்ச்சி, இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்ததில் வந்ததைவிடப் பல மடங்கு பெரியது என்பது என் கட்சி.

நேரம் போதுமா? 6.144 மெகாஹெர்ட்ஸ் படிகம் வைத்த கிட்டில் 8085 அதில் பாதி, அதாவது 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும். மேலே சொன்ன சுற்று ஒவ்வொன்றுக்கும் எழுபத்து நான்கு கடிகாரத் துடிப்புகள் ஆகும், ஏறக்குறைய 24 மைக்ரோ நொடி. எட்டுப் பொத்தான்களுக்கும் சேர்த்து 200 மைக்ரோ நொடிக்குள் வேலை முடிந்துவிடும். நிண்டெண்டோவின் சொந்தப் பெட்டி தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஐம்பது அறுபது முறைதான் ஜாய்ஸ்டிக்கை விசாரிக்கும். நாமும் நொடிக்கு ஐம்பது முறை கேட்டால் 8085-இன் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் செலவாகும். மீதி நேரத்தில் விளையாட்டை ஓட்டலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பொத்தானை அழுத்தும்போது தொடுமுனை சில மில்லி நொடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் நிலைக்கும். 20 மில்லி நொடிக்கு ஒருமுறை மட்டும் கேட்பவருக்கு அந்தத் துள்ளல் தொல்லை தராது. இடைவெளி விட்டு மாதிரி எடுப்பதே வடிகட்டியாகிவிடுகிறது.

வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் மேசையில் வேலை செய்யாமல் போகிற இடம் ஒன்று இருக்கிறது. பழைய 8255ஏ என்மாஸ் வகை. அது 1 என்று சொல்லும்போது 2.4 வோல்ட்டுக்குக் குறையாது என்று மட்டுமே உத்தரவாதம் தரும். 4021 சீமாஸ் வகை. 5 வோல்ட்டில் ஓடும் சீமாஸ் சில்லு, 3.5 வோல்ட்டாவது வந்தால்தான் அதை 1 என்று நிச்சயமாக ஏற்கும். இடைப்பட்ட வோல்டேஜில் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. லாட்ச், கிளாக் வயர்கள் இரண்டிலும் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. டேட்டா வயரிலும் ஒரு 10 கிலோ ஓம் போட்டுவிடுங்கள். ஜாய்ஸ்டிக் கழன்றுவிட்டால் கணினி எல்லாப் பொத்தானும் அழுந்தியதாக எடுத்துக்கொள்ளாமல், எதுவும் அழுந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது பிளக். நம் ஊர் ஜாய்ஸ்டிக்குகளில் 9 முனை டி வடிவ பிளக் பரவலாக இருந்தது, 15 முனை வகையும் உண்டு. 9 முனை வகையில் பெரும்பாலும் 2 டேட்டா, 3 லாட்ச், 4 கிளாக், 6 வந்து 5 வோல்ட், 8 கிரவுண்டு. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, வயரின் நிறத்தை நம்பவே கூடாது. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, ரப்பரைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் சீப்புப்போலப் பின்னிய இரண்டு கரித் தடங்களைப் பாருங்கள். எல்லாப் பொத்தானுக்கும் பொதுவாக ஓடும் தடம் கிரவுண்டு. மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, அந்தத் தடம் எந்த முனைக்குப் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது 8 என்று வந்தால் மற்றவையும் மேற்சொன்னபடி இருக்க வாய்ப்பு அதிகம். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 5 வோல்ட் வயரில் ஒரு 330 ஓம் மின்தடையைத் தொடராக வையுங்கள். சீமாஸ் சில்லுக்குத் தேவை மிகச் சொற்ப மின்னோட்டம், அதனால் இந்தத் தடையோடும் அது ஓடும். வயர் மாறியிருந்தாலும் 15 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாது, சில்லு பிழைத்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கையைத் தனியே சொல்ல வேண்டும். பழைய கணினிகளின் சீரியல் போர்ட்டில் இந்த 9 முனை பிளக் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே ஓடுவது ஆர்எஸ்-232 சமிக்ஞை, கூட்டல் பக்கமும் கழித்தல் பக்கமும் 15 வோல்ட் வரை போகக்கூடியது. செருகினால் கறுப்புப் பொட்டின் கதை முடிந்தது. அடாரி ஜாய்ஸ்டிக், சேகா மெகா டிரைவ் ஜாய்ஸ்டிக் இரண்டுக்கும்கூட இதே வடிவ பிளக்தான், உள்ளே முனைகளின் ஏற்பாடு வேறு வேறு. மெகா டிரைவில் 5 வோல்ட் வருவது 5-ஆம் முனையில், அடாரியில் 7-இல். பிளக் பொருந்துவதால் மின்சாரமும் பொருந்தும் என்று நம்பியே அந்தக் காலத்தில் எத்தனையோ பொருள்கள் பாழாயின.

எல்லாப் பழைய ஜாய்ஸ்டிக்கும் இப்படி ஆம் இல்லை என்று மட்டும் பேசுபவை அல்ல. ஐபிஎம் பிசி 1981-இல் கொண்டுவந்த 15 முனை கேம் போர்ட்டில் ஜாய்ஸ்டிக் என்பது வெறும் மின்தடை. கம்பியைச் சாய்த்தால் தடை 0-விலிருந்து 100 கிலோ ஓம்வரை மாறும். கணினி ஒரு சிறு மின்தேக்கியை அந்தத் தடை வழியே நிரம்பவிட்டு, நிரம்ப எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணிப் பார்க்கும். ஒரு கோடியில் 24 மைக்ரோ நொடி, மறுகோடியில் சுமார் 1,100 மைக்ரோ நொடி. மத்திய அரசு 1984-இல் பள்ளிகளுக்குக் கணினி அறிமுகம் செய்யத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ இன்னொரு வழியில் போனது. அதற்குள் அனலாக் அளவை எண்ணாக்கும் தனிச் சில்லே இருந்தது. கிட்டோடு வந்த ஏடிசி பலகை லேபில் இருந்தால் இந்த வகையையும் முயன்று பார்க்கலாம். ஆனால் அது மெதுவான வேலை, ஆட்டமும் உண்டு. தொடக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாடுகளில் பழைய பாணிக் கணினிகளைத் தாங்களே கட்டுவோர் பெருகியிருக்கிறார்கள். அவர்களும் கடைசியில் இதே மூன்று வயருக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நெதர்லாந்தில் மார்செல் வான் கெர்விங்க், வால்டர் பெல்கர்ஸ் இருவரும் உருவாக்கிய ஜிகாட்ரான் என்ற கணினியில் நுண்செயலியே கிடையாது. சாதாரண டிடிஎல் சில்லுகளை வைத்து 6.25 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஜாய்ஸ்டிக், நம் டிவி கேமோடு வந்த அதே 9 முனை வகை. அதைப் படிக்கத் தனி வயர்கூட அவர்கள் ஒதுக்கவில்லை. திரைக்குப் போகும் விஜிஏ சமிக்ஞையில் படம் தொடங்குவதைச் சொல்லும் துடிப்பையே லாட்சாகவும், ஒவ்வொரு வரி தொடங்குவதைச் சொல்லும் துடிப்பையே கிளாக்காகவும் திருப்பிவிட்டார்கள். மின்சுற்று வடிவமைப்பில் சிக்கனம் எந்த அழகைத் தொடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கமாண்டர் எக்ஸ்16 என்ற கணினி, 1990-இல் வந்த சூப்பர் நிண்டெண்டோவின் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டது. அதிலும் மொழி இதுவேதான். ரெஜிஸ்டர் பதினாறு பிட்டாக நீண்டது, பொத்தான் பன்னிரண்டானது, அவ்வளவே. நம் நிரலில் 8 என்று இருக்கும் எண்ணிக்கையை மாற்றி, இரண்டாம் பைட்டுக்கு ஓர் இடம் ஒதுக்கினால் அதையும் படிக்கலாம்.

இப்போது இதை லேபுக்குள் கொண்டுவருவோம். படித்த பைட்டைத் தலைகீழாக்கி, போர்ட் பி-யில் எல்இடி பலகைக்கு அனுப்பினால் எட்டு விளக்கும் எட்டுப் பொத்தானுக்கு எரியும். டர்போவை அழுத்தினால் அந்த விளக்கு மட்டும் துடிக்கும். அந்தத் துடிப்பின் வேகத்தை நிரலிலேயே எண்ணிப் பார்ப்பது நல்ல அடுத்த பயிற்சி. எல்இடி பலகையைக் கழற்றி ஸ்டெப்பர் மோட்டார் பலகையை வைத்தால், வலம் அழுத்தும்போது மோட்டார் 1.8 பாகை வலப்பக்கம் நகரும், இடம் அழுத்தினால் திரும்பும். ஆண்டாண்டாக ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற பரிசோதனைகளில் மோட்டார் தானாகச் சுற்றும், மாணவர் வேடிக்கை பார்ப்பார். இங்கே மாணவரின் விரல் கேட்கிறது, கணினி விடை சொல்கிறது. வெளியீடு, உள்ளீடு, நேரக் கணக்கு, வோல்டேஜ் பொருத்தம், துள்ளல் என்று ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம், ஒரு பிற்பகலில் கைக்குள் வந்துவிடுகிறது. இதே வேலையை யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்கை வைத்து 8085-இல் செய்யப் போனால், அந்தப் பிற்பகலில் யூஎஸ்பி விதிமுறையின் முன்னுரையைக்கூடப் படித்து முடிக்க முடியாது.

துறைகளில் ஆண்டுதோறும் பழைய உபகரணங்களைக் கண்டம் செய்யப் பட்டியல் போடுகிறார்கள். பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரிகளின் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்டியலில் 8085 கிட் என்று எழுதுமுன், ஓடுகிற கிட்டுகளில் ஐந்தாறையும் அவற்றின் கையேட்டையும் எடுத்துத் தனியே வையுங்கள். போர்ட் முகவரிகள் கிட்டுக்குக் கிட்டு மாறும், கையேடு இல்லாவிட்டால் கிட்டும் உதவாது. ஜாய்ஸ்டிக்கை மாணவர்கள் வீட்டுப் பரணிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள்.